‘ஹலோ’ என்னுஞ் சொல்

கொக்குவிலில் ஒருவர் படலையைத் திறந்து உள்ளே வருவாராயின் அவரை எதிர்கொள்ளுஞ் சொல் பெரும்பாலும் ஏவல் வினையாகவே இருக்கும். இளையவருக்கு ‘வா’, ஒத்தவருக்கு ‘வாரும்’, மூத்தவருக்கு ‘வாருங்கோ’. மனைவி கணவனை அழைக்கும் ‘இஞ்சேருங்கோ’ என்பதும் ‘இங்கே பாருங்கள்’ என்பதன் மரூஉவாய் மரியாதைப் பன்மை ஏற்றே வருகின்றது. வந்தவர் இன்னாரென அறிந்த பின்னரன்றி யாழ்ப்பாணத்தார் வாய்திறத்தல் அரிது. முறையும் வயதும் இவ்வளவு நுணுகிப் பார்க்கும் வழக்கினுள், அவை ஒன்றையும் பாராத ‘ஹலோ’ புகுந்து நிலைபெற்ற காரணம் ஆராயத்தக்கது.

ஆங்கிலத்திலே இச்சொல் தொடக்கத்தில் முகமன் மொழியன்று. வேட்டைநாயை ஏவுதற்கும் தொலைவில் நிற்பவரைக் கூவியழைத்தற்கும் வழங்கிய ஒலிக்குறிப்புகளின் இனத்தது. அக்கரையிலுள்ள ஓடக்காரனை அழைக்கும் பழைய சேர்மன் மொழிச் சொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். இன்றைய வடிவம் 1820களில் அமெரிக்கப் பத்திரிகைகளிற் காணப்படுகின்றது. அழைத்தலோடு வியப்பையும் அது உணர்த்திற்று. முகமனாக அதனைப் பரப்பியது தொலைபேசியே. 1876இல் அக்கருவிக்கு உரிமம் பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல், கடலோடிகள் கப்பலை அழைக்கும் ‘அஹோய்’ என்பதையே விரும்பினார். தோமஸ் அல்வா எடிசனோ 1877 ஓகஸ்ட் மாதத்துக் கடிதமொன்றில், ‘ஹலோ’ பத்து இருபது அடி தூரத்திற் கேட்குமாதலால் அழைப்பு மணி வேண்டியதில்லை என எழுதினார். மணியும் வந்தது, ‘ஹலோ’வும் நிலைத்தது.

தமிழில் அது நிலைத்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. தொல்காப்பியர் விளியினை எட்டாம் வேற்றுமையாகக் கொண்டு, விளிமரபு எனத் தனியோர் இயலே வகுத்தார். பெயரின் ஈறு திரிந்தும் நீண்டும் இயல்பாயும் விளியாகும் என்பது அவ்வியலின் சாரம். எனவே விளிக்கப் பெயர் வேண்டும், முறைப்பெயராயினும் வேண்டும். தொலைபேசியின் மறுமுனையில் நிற்பவர் தம்பியா, மாமாவா, கச்சேரி அதிகாரியா என்பது குரல் கேட்கும்வரை தெரியாது. ‘வா’ எனின் பிழை; ‘வாருங்கோ’ எனின் நகைப்பு. பெயரில்லா விளியொன்று அவ்விடத்துத் தேவைப்பட்டது. அதனையடுத்து யாழ்ப்பாணத்தார் வினவும் ‘ஆர் கதைக்கிறது?’ என்பதும் உயர்வு தாழ்வு காட்டாத தொழிற்பெயரால் இடரைக் கடக்கும் உபாயமேயாம். ஆண், பெண் என ஐயுற்றவிடத்துப் பன்மையாற் கூறுக எனக் கிளவியாக்கம் வழிகாட்டியது. பேச்சு வழக்கு அதனினும் ஒருபடி மேலே சென்றுவிட்டது.

எழுத்தைப் பற்றியும் ஒன்று கூறலாம். நன்னூலார் வடமொழி ஹகரத்திற்குச் சொன்ன விதியை இதற்கும் ஏற்றினால், ‘ஹரன்’ ‘அரன்’ ஆனவாறு ‘ஹலோ’ ‘அலோ’ ஆதல் வேண்டும். பாரிஸ் நகரத்து யாழ்ப்பாணத்தார் பலர் அவ்வாறே சொல்கின்றனர்; ஆயின் அது பவணந்தியார் செய்ததன்று, ஹகரத்தை ஒலியாத பிரெஞ்சுக்காரர் செய்தது.

நேரிலே வழங்குங்கால் இச்சொல்லின் பொருள் திரிந்துவிடுகின்றது. சங்கக்கடை வரிசையில் முந்துபவரை நோக்கி ‘ஹலோ’ என நீட்டிச் சொன்னால் அது வணக்கமன்று, கண்டனம். பெரியவரொருவரை வீதியில் ‘ஹலோ’ என அழைத்தல் இன்றும் மரியாதைக் குறைவே.

இச்சொல்லின் முழுக் கனமும் புலப்பட்டது போர்க்காலத்திலாகும். 1990இல் மீண்டும் போர் மூண்டபின் குடாநாட்டின் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் பல ஆண்டுகள் அற்றுக் கிடந்தன. வெளிநாட்டிலிருந்த மகனின் குரலைக் கேட்கவேண்டித் தாய்மார் கொழும்புவரை பயணஞ் செய்து, தொலைத்தொடர்பு நிலையங்களிற் காத்திருந்தனர். இணைப்பு இடையிலே அறும். ‘ஹலோ, ஹலோ’ என்னும் குரல் மட்டும் கூண்டினுள் உயரும். ‘கேட்கிறதா, இருக்கிறாயா’ என்னும் இரண்டு வினாவும் அவ்வோர் சொல்லினுள் அடங்கின. அக்கரையிலுள்ளாரைக் கூவியழைத்தல் என்னும் பழம்பொருள் அங்கே மீண்டது எனலாம்.

இன்று கைத்தொலைபேசித் திரையில் அழைப்பவர் பெயர் முன்னரே தோன்றிவிடுகின்றது. எடுப்பவர் ‘ஹலோ’ என்னாது, ‘ஓம் அண்ணை, சொல்லுங்கோ’ என்றே தொடங்குகின்றார். முன்பின் அறியாத எண்ணிலிருந்து மணி ஒலிக்கும்போது மட்டும், சற்றே தாமதித்து, அப்பழைய சொல் வெளிவருகின்றது.