மஞ்சப்பைக்கு மட்டும் டோக்கனா?

ஆடித் தள்ளுபடி சமயத்தில் நடந்த சங்கதி இது. எழுதுவதா வேண்டாமா என்று மூன்று மாதமாய் மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்கிக் கொண்டிருந்தேன். என் பேரில் இருக்கிற தப்பும் இதில் சேர்ந்திருக்கிறதே, அதனால் வந்த தயக்கம்தான்.

எங்கள் வீட்டுக்கு வருஷா வருஷம் புளியும் தேனும் கொண்டுவந்து கொடுக்கும் அம்மாள் ஒருவர் உண்டு. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். கச்சிராயபாளையம் வழியாக பஸ் பிடித்து கள்ளக்குறிச்சிக்கு இறங்கி வருவார். வயசு ஐம்பதுக்கு மேல். 'மலையக்கா' என்றுதான் எங்கள் வீட்டில் சின்னது முதல் பெரிசு வரை கூப்பிடுவது. அளந்து போட்ட பிறகும் ஒரு கை அள்ளிப் போடாமல் போகமாட்டார்.

அவருடைய கடைசிப் பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம். "தங்கச்சி, நீயும் கூட வா. சீட்டுல போட்டிருக்கிற வெலை எனக்குப் படிக்கத் தெரியாது" என்று கூப்பிட்டார். எனக்கும் இரண்டு ரவிக்கைத் துணி வேண்டியிருந்தது. கிளம்பிவிட்டோம்.

பெரிய ஜவுளிக்கடை. பெயர் வேண்டாம். வாசலில் செக்யூரிட்டி மேஜை போட்டு நின்றிருந்தார். என் தோளில் பெரிய ஹேண்ட்பேக். அதற்குள் ஒரு புடவையை மடித்து வைத்தால்கூட வெளியே தெரியாது. "வாங்கம்மா" என்று வழி விட்டார். பின்னால் வந்த மலையக்காவின் கையில் மஞ்சப்பை. "ஏய், பையை வெச்சுட்டு டோக்கன் வாங்கு" என்றார்.

பைக்குள் கல்யாணப் பணம் இருந்தது. அதை யாரோ முன்பின் தெரியாதவர் மேஜையில் வைத்துவிட்டுப் போக யாருக்குத்தான் மனசு வரும்? "வெக்க மாட்டேன் சாமி" என்று பையை மார்போடு அணைத்துக் கொண்டார். அதுதான் வினையாய்ப் போயிற்று. "அப்படி உள்ளே என்ன வெச்சிருக்கே? கொட்டிக் காட்டு" என்றார் அவர். மலையக்காவும் குனிந்து கொட்டிவிட்டார். துணியில் முடிந்த பணம், வெற்றிலைப் பை, பிரஷர் மாத்திரை அட்டை, பேரனுக்காக நான் கொடுத்திருந்த முறுக்குப் பொட்டலம் எல்லாம் தரையில் கிடந்தன. வந்தவர் போனவரெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? ஹேண்ட்பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் நின்று கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை வாயிலிருந்து வரவில்லை. நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம். அவ்வளவுதான்.

புடவை எடுத்தோம். திரும்பும்போது வாசலில் மறுபடியும் நிறுத்தல். பில்லைக் காட்டியும் போதவில்லை. மடிப்புக் கலையாத கல்யாணப் புடவையைப் பிரித்து, விலைச் சீட்டைத் தேடி, எண்ணிப் பார்த்து, அள்ளித் திணித்துக் கொடுத்தார். என்னிடம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் மலையக்கா ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் ஏறப் போகும்போது, "ஒன் பை என் பையைவிடப் பெரிசுதானே தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். திருட்டு நடக்கத்தான் செய்கிறது. என் மாமியார் காலத்து மளிகைக் கடையில் இந்தத் தொல்லை இல்லை. நாம் வெளியே நிற்போம்; செட்டியார் எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டி நூல் சுற்றித் தருவார். நம் கை சாமானில் படவே படாது. (அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருந்த கதையும், மலையிலிருந்து வந்தவர்களைக் கடைசியில்தான் கவனிப்பார்கள் என்பதையும் மாமியாரே சொல்லியிருக்கிறார்.) 1916-ல் அமெரிக்காவில் மெம்பிஸ் என்ற ஊரில் 'பிக்லி விக்லி' என்று ஒரு கடை திறந்தார்கள். வாங்குகிறவர்களே கூடையோடு உள்ளே போய் வேண்டியதை எடுத்துக்கொண்டு, வெளிவாசலில் பணம் கட்ட வேண்டும். ஆள் கூலி மிச்சம், சாமானும் கூடுதலாக விற்றது. அந்த வழி உலகமெங்கும் பரவி நம்மூர் வரை வந்துவிட்டது. உள்ளே ஆளைக் குறைத்து மிச்சம் பிடித்தவர்கள் வாசலில் காவலுக்கு ஒருவரை நிறுத்தினார்கள். அதுவரைக்கும் சரி. ஆனால் காவல் எல்லோருக்கும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்?

இன்னொரு வேடிக்கை பாருங்கள். 2019 ஜனவரி 1 முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசாங்கமே விழா எடுத்து, கடைக்குப் போகும்போது துணிப்பை கொண்டுபோகச் சொன்னது. சொன்னபடி கொண்டுபோனால் வாசலில் பிடுங்கி வைக்கிறார்கள்! உள்ளே பில் போடும் இடத்தில், "பை வேணுமாம்மா? தனியாக் காசு" என்கிறார்கள். இதே மாதிரி 3 ரூபாய் பைக்காக சண்டிகரில் ஒருவர் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். 2019-ல் அந்தச் செருப்புக் கம்பெனி மொத்தம் 9000 ரூபாய் கட்ட வேண்டியதாயிற்று. பைக்குத் தனிக்காசு என்பதை முன்கூட்டியே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமல் பில்லில் சேர்ப்பது முறையல்ல என்று தேசிய நுகர்வோர் ஆணையமும் 2020 டிசம்பரில் சொல்லிவிட்டது.

என் அண்ணன் மகன் சட்டம் படிக்கிறான். அவனைப் பிடித்து உட்கார வைத்து விசாரித்தேன். "பையை வெச்சுட்டு வாங்கன்னு கடைக்காரர் கேட்கலாம் அத்தை. பிடிக்காட்டி நாம திரும்பிடலாம். ஆனா போலீஸ்காரர்கூட ஒரு பொம்பளையைச் சோதனை போடணும்னா இன்னொரு பொம்பளையை வெச்சுத்தான் போடணும், அதுவும் கௌரவம் குறையாம. சட்டத்துலயே எழுதியிருக்கு. வாசல்ல நிக்கிறவருக்கு அதுக்கு மேல என்ன அதிகாரம்?" என்றான்.

'பொருட்கள் தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல' என்று போர்டு மாட்டியிருக்கிறார்களே, அது செல்லுமா என்றேன். அதற்கு ஒரு கதை சொன்னான். 1998-ல் டெல்லியில் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலில் ஒருவர் கார் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கார் திருட்டுப் போய்விட்டது. சீட்டில் 'உங்கள் பொறுப்பில்' என்று அச்சடித்திருந்தது. வாங்கி வைத்துக்கொண்டவரின் அஜாக்கிரதைக்கு அந்த அச்சடித்த வாசகம் கவசமாகாது என்று 2019 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. காருக்குச் சொன்ன நியாயம் மஞ்சப்பைக்கு ஆகாதா என்ன?

இருந்தாலும் சகோதரிகளே, கோர்ட்டு கேஸ் என்று அலைய நம்மில் யாருக்கு நேரம்? பை ஒப்படைக்கும் முன் பணம், போன், வீட்டுச் சாவி, மருந்து இவற்றை ஒரு சின்னப் பர்ஸிலோ சுருக்குப் பையிலோ போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் மிட்டாயையும் மாத்திரையையும் மறந்தும் பையோடு விடக்கூடாது. கல்யாண சீசனில் பில் கட்டி முடிப்பதற்குள் மயக்கம் வந்துவிடும். பில்லைப் பத்திரப்படுத்துங்கள். மரியாதைக் குறைவாக நடத்தினால் முதலில் மானேஜரைப் பாருங்கள். பில்லில் கோளாறு, பண்டத்தில் கோளாறு என்றால் 1915 என்ற நம்பருக்குப் போன் போட்டு நுகர்வோர் புகார் சொல்லலாம்.

நானும் நாலு நாள் கழித்து மானேஜரிடம் போனேன். "எல்லாருக்கும் ஒரே ரூல்தாம்மா" என்றார். "அப்படியானால் என் பையை ஏன் யாரும் கேட்கவில்லை?" என்றேன். பதில் இல்லை. அந்தச் செக்யூரிட்டியையே கூப்பிட்டார். நான் நினைத்த மாதிரி முரட்டு ஆள் இல்லை; அறுபது வயசுப் பெரியவர். காலையில் ஒன்பது மணிக்கு நிற்க ஆரம்பித்தால் கடை மூடும்வரை நிற்கிறாராம். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021-ல் நம் மாநிலத்தில் சட்டத் திருத்தமே வந்தது. அவர் மேஜைக்குப் பின்னால் ஒரு முக்காலிகூட இல்லை.

"ஹேண்ட்பேக்கைக் கேட்டா சண்டைக்கு வராங்கம்மா. மொதலாளிக்கே போன் போட்டுடறாங்க. ஏதாவது தொலைஞ்சா என் சம்பளத்துல பிடிப்பாங்க. யாரையாவது செக் பண்ணித்தானே ஆகணும்?" என்றார். எதிர்த்துப் பேசமாட்டார்கள் என்று தெரிந்தவர்களாகப் பார்த்துச் சோதனை போட்டிருக்கிறார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானும் அன்றைக்கு எதிர்த்துப் பேசாமல் நின்றவள்தானே. "அவருக்கு ஒரு நாற்காலி போடுங்க சார்" என்று மானேஜரிடம் சொல்லிவிட்டு வந்தேன். என்னவரிடம் சொன்னபோது, "புகார் கொடுக்கப் போனியா, சிபாரிசுக்குப் போனியா?" என்று கேலி செய்தார்.

தீபாவளிக்குப் புது மாப்பிள்ளைக்கு வேட்டி எடுக்க மலையக்கா வந்தார். "வேற கடைக்குப் போயிடலாமா அக்கா?" என்று கேட்டேன். "வேணாம், அங்கியே போவோம்" என்றார்.

வாசலில் அதே பெரியவர். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவர் வாய் திறக்கும் முன்னால் என் ஹேண்ட்பேக்கை எடுத்து மேஜைமேல் வைத்து, "இதுக்கு ஒரு டோக்கன் கொடுங்க" என்றேன். பெரியவர் என்னைப் பார்த்தார், மலையக்காவைப் பார்த்தார். "வாங்கம்மா" என்றார், இரண்டு பேரையும் பார்த்து. மலையக்கா மஞ்சப்பையிலிருந்து சுருக்குப் பையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் பைக்குப் பக்கத்திலேயே தன் பையையும் வைத்தார். எனக்குக் கிடைத்த டோக்கன் 14. அவருக்கு 15.