சைலிட்டோல் பற்பசை: வாங்குமுன் அறிய வேண்டியவை

பல் போனால் சொல் போச்சு என்பார்கள் எமது மூத்தோர். பல்லைக் காக்கும் பொருள் என்று இப்போது 'சைலிட்டோல்' என்ற பெயர் பற்பசைப் பெட்டிகளிலும் சுவிங்கம் உறைகளிலும் அச்சிடப்படுகிறது. சாதாரண பற்பசையைவிட இவற்றின் விலை பெரும்பாலும் அதிகம். பிள்ளைகளின் பற்களுக்காக அந்த மேலதிகப் பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டுமா? இதற்கு விடை காண, பல்லில் சூத்தை விழுவது எப்படி என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம்.

சூத்தை விழுவது எப்படி?

எமது வாயில் வாழும் பற்றீரியாக்களுள் 'ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ்' என்பது சூத்தைக்கு முக்கிய காரணி. நாம் உண்ணும் சீனியே அதற்கும் உணவு. அதை உண்டு அமிலத்தை வெளிவிடுகிறது. பல்லின் மேற்பரப்பில் பீஎச் பெறுமானம் ஏறத்தாழ 5.5 இலும் குறையும்போது, மிளிரியிலுள்ள கல்சியமும் பொஸ்பேற்றும் கரையத் தொடங்குகின்றன. பின்னர் உமிழ்நீர் அந்த அமிலத்தை நடுநிலையாக்கி, இழந்த கனியுப்புக்களை மீண்டும் படியச் செய்கிறது. இதற்கு அரை மணித்தியாலம் அல்லது அதற்கு மேலும் செல்லலாம்.

ஆகவே எவ்வளவு சீனி உண்கிறோம் என்பதோடு, எத்தனை தடவை உண்கிறோம் என்பதும் முக்கியமாகும். காலையில் சீனித் தேநீர், பத்து மணிக்கு பிஸ்கட், இடைவேளையில் டொபி, மாலையில் மீண்டும் தேநீர் என்றால் உமிழ்நீருக்கு ஓய்வே இல்லை. எமது பகுதியில் கிடைக்கும் கித்துள் கருப்பட்டியும் பாணியும் இயற்கையானவைதாம். ஆனால் பற்றீரியாவுக்கு அவையும் சீனியே.

சைலிட்டோல் செய்யும் வேலை

சைலிட்டோல் சீனியைப் போலவே இனிக்கும். பேர்ச் என்னும் குளிர்நாட்டு மரத்திலிருந்தும் சோளக்கதிரின் தக்கையிலிருந்தும் இதனைத் தயாரிக்கிறார்கள். இதன் மூலக்கூறில் ஐந்து காபன் அணுக்கள் உள்ளன. பற்றீரியா இதையும் உள்ளெடுத்துக்கொள்கிறது. ஆனால் இதிலிருந்து சக்தி பெறவோ அமிலம் உண்டாக்கவோ அதனால் முடிவதில்லை. உள்ளெடுத்ததை வெளியேற்றவே அதன் சக்தி வீணாகிறது.

இரசாயனவியலில் இது 'சீனி அற்ககோல்' வகையைச் சேர்ந்தது. இந்தப் பெயரைப் பார்த்துப் பெற்றோர் அஞ்சத் தேவையில்லை. மூலக்கூறில் ஐதரொட்சில் கூட்டங்கள் இருப்பதாலேயே இப்பெயர் வந்தது. மதுபானத்திலுள்ள எதனோல் வேறு, இது வேறு. இது போதை தருவதில்லை. பற்பசையில் நாம் கவனிக்க வேண்டியது கிளிசரின் ஆகும். அது தாவர எண்ணெயிலிருந்தும் பெறப்படலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் பெறப்படலாம். எனவே ஹலால் குறியீடு உள்ளதை வாங்குவது நல்லது.

ஆய்வுகள் சொல்வது என்ன?

பின்லாந்தின் துர்க்கு நகரில் 1972 இல் ஆரம்பமான ஆய்வில் 125 பேர் இரண்டு ஆண்டுகள் பங்குபற்றினர். உணவில் சீனிக்குப் பதிலாக சைலிட்டோலைச் சேர்த்துக்கொண்டவர்களுக்குப் புதிய சூத்தைகள் மிகக் குறைவாகவே ஏற்பட்டன. ஆனால் அவர்கள் மாற்றியது பற்பசையை அன்று, உணவிலிருந்த சீனியை.

பற்பசை பற்றி 2015 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு, கொஸ்டாரிக்காவில் 4216 பிள்ளைகளிடம் நடந்த இரு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. புளோரைட்டுடன் 10 சதவீத சைலிட்டோலும் உள்ள பற்பசை, புளோரைட்டு மட்டும் உள்ளதைவிடச் சூத்தையை 13 சதவீதம் குறைக்கலாம் எனக் கண்டது. எனினும் அந்தச் சான்று வலுவானதல்ல என்றும் கூறியது. இங்கே நாம் மறக்கக்கூடாத விடயம், இரு பற்பசைகளிலுமே புளோரைட்டு இருந்தது என்பதாகும்.

எமது ஊருக்குப் புளோரைட்டு ஏன் முக்கியம்?

புளோரைட்டு கனியுப்புக்கள் பல்லில் மீண்டும் படிய உதவுகிறது, மிளிரியை அமிலத்துக்குத் தாக்குப்பிடிக்கச் செய்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021 இல் புளோரைட்டுப் பற்பசையை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

அனுராதபுரம், பொலன்னறுவை போன்ற உலர்வலயப் பிரதேசங்களின் கிணற்று நீரில் புளோரைட்டு அதிகம். அங்கு பலருடைய பற்களில் கபில நிறக் கறை ஏற்படுவது அதனால்தான். யட்டியாந்தோட்டையோ ஈரவலயத்தைச் சேர்ந்தது. கடும் மழை மண்ணிலுள்ள புளோரைட்டைக் கழுவிச் செல்வதால், ஈரவலய நீரில் அது பொதுவாகக் குறைவு. எனவே குடிநீர் தராத பாதுகாப்பை எமக்குப் பற்பசையே தரவேண்டியுள்ளது. சைலிட்டோல் உண்டு, புளோரைட்டு இல்லை என்ற பற்பசைக்கு அதிக பணம் கொடுப்பது எமக்கு இலாபமல்ல.

வாங்கும்போதும் துலக்கும்போதும்

பெட்டியில் முதலில் புளோரைட்டின் அளவைப் பாருங்கள். 1000 முதல் 1500 பிபிஎம் வரை இருப்பது நல்லது. அதன் பிறகே சைலிட்டோலைத் தேடுங்கள். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓர் அரிசியளவும், மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவும் பசை போதும். இரவு உறங்குமுன்பும் பகலில் இன்னொரு தடவையும் இரண்டு நிமிடம் துலக்குங்கள். நுரையைத் துப்பிய பின் அதிகம் நீர் விட்டுக் கொப்பளித்தால் புளோரைட்டும் போய்விடும். ரமழானில் ஸஹர் உணவின் பின்னர் ஸுபஹுக்கு முன்பும், இரவு உணவின் பின்பும் துலக்கிக்கொள்ளலாம்.

நபி (ஸல்) அவர்கள் மிஸ்வாக் செய்வதை மிகவும் வலியுறுத்தினார்கள். பல் துலக்குவது எமக்கு ஆரோக்கியம் மட்டுமல்ல, ஸுன்னத்தும் ஆகும். விலை உயர்ந்த பசையை வாங்கி இடைக்கிடை துலக்குவதைவிட, புளோரைட்டு உள்ள சாதாரண பசையால் நாள் தவறாமல் துலக்குவதே மேல். பல்லில் வெண்புள்ளியோ கருமையோ தென்பட்டால் வலி வரும்வரை காத்திராமல், அரச பற்சிகிச்சை நிலையத்துக்குச் சென்று காட்டுவோம்.