கிராமத்துக் கோபுர மணியை அடிக்கப் போகுமுன்

கோடை விடுமுறையில் மர்பி டவுன், அல்சூர் பக்கத்திலிருந்து திருநெல்வேலிச் சீமைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஓர் ஆசை: ஆலயக் கோபுரத்தில் ஏறி மணி அடிக்க வேண்டும். நியாயமான ஆசைதான். ஆனால் கயிற்றைத் தொடுமுன் சில விஷயங்கள் தெரிந்திருப்பது நல்லது.

எங்கே போகலாம் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இடையன்குடி. திசையன்விளைக்கு அருகே செம்மண் தேரியை ஒட்டிய ஊர். கால்டுவெல் 1841-ல் அங்கே வந்து, 1847-ல் அடிக்கல் நாட்டிய பரிசுத்த திரித்துவ ஆலயம் 1880-ல்தான் பிரதிஷ்டையாயிற்று. முப்பத்து மூன்று வருட வேலை! அவருடைய ஒப்பிலக்கணம் 1856-ல் வெளியானபோதும் கட்டடம் முடியவில்லை. அவரை அடக்கம் செய்திருப்பதும் அந்த ஆலயத்துக்குள்ளேதான்.

இனி மணியைப் பார்ப்போம். ஆலய மணி வெண்கல வார்ப்பு. நூற்றுக்கு ஏறத்தாழ 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். அந்நாளைய ஸ்டேஷன்களில் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டுத் தட்டுவோம், நினைவிருக்கிறதா? 'டங்' என்று கேட்டுச் சீக்கிரம் அடங்கிவிடும். வெண்கலமோ நெடுநேரம் ரீங்காரமிடும். அந்த நாதத்தைக் கொடுக்கும் வெள்ளீயமே உலோகத்தை நொறுங்கும் தன்மையுள்ளதாகவும் ஆக்குகிறது. லண்டன் பிக் பென் மணி 1859-ல், அடிக்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே விரிசல் விட்டது. பிறகு மணியைச் சற்றுத் திருப்பி வைத்து, சுத்தியலின் எடையையும் குறைத்தார்கள். ஆகவே சுத்தியலால் தட்டுவது வேண்டாம். மணியின் நாக்கில் கயிற்றைக் கட்டிச் சுண்டுவதும் கெடுதல். நாக்கு விளிம்பைத் தொட்டவுடன் விலக வேண்டும், அழுந்தி நிற்கக் கூடாது.

இங்கிலாந்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட கோபுரங்களில் மணியைத் தலைகீழாக நிறுத்தி முழு வட்டம் சுழலவிடுகிறார்கள். ஒருவருக்கு ஒரு மணி. ஒருமுறை அடித்த வரிசை திரும்ப வரக் கூடாது என்பது விதி. ஆறு மணிக்கு 720 வரிசைகள், எட்டு மணிக்கு 40,320. இந்த எட்டு மணிக் கணக்கை 1963-ல் லஃப்பரோவில் எட்டுப் பேர், ஆள் மாறாமல், ஏறத்தாழ 18 மணி நேரத்தில் அடித்து முடித்தார்கள். விடுமுறை நாளில் கூட்டமாகக் கிளம்பி ஊர் ஊராய்க் கோபுரம் ஏறி அடித்துவிட்டு வருவது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. அந்த லஃப்பரோவில் வார்த்த எட்டு மணிகள் நம் நாட்டிலும் புனே பஞ்ச ஹௌத் ஆலயத்தில் உண்டு.

இதைப் பார்த்துவிட்டு நம் ஊரில் யாரும் மணியை உயர வீசிவிடக் கூடாது. பாலத்தில் நிற்கும் என்ஜினுக்கும் ஓடும் என்ஜினுக்கும் நாங்கள் ஒரே பாரம் போட்டுக் கணக்கிடுவதில்லை. அதுபோலத்தான் இதுவும். முழு வட்டம் சுழலும் ஒரு டன் மணி, கீழ்நோக்கி நான்கு டன் வரையும் பக்கவாட்டில் இரண்டு டன் வரையும் கோபுரத்தைத் தள்ளும். அதற்கென்று கட்டாத சுவர் தாங்காது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும் ஆபத்து. மணி திரும்பும்போது சிறு பிள்ளையை மேலே தூக்கிவிடும். கீழே ஒருவர் கயிற்றைப் பிடித்திருக்கையில் மணி அறைக்குள் எவரும் இருக்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கிராமத்தில் மணி என்பது செய்தி. முதல் மணி கேட்டால் புறப்படுவார்கள், இரண்டாம் மணிக்கு உள்ளே இருப்பார்கள். விட்டு விட்டு ஒற்றை ஒற்றையாக அடித்தால் சாவு. வயலில் நிற்பவர், 'யார் வீட்டில்?' என்று கேட்டுக்கொண்டே ஓடிவருவார். பட்டணத்துப் பிள்ளை விளையாட்டாக நான்கு இழுப்பு இழுத்தால் ஊரே பதறும்.

பல ஊர்களில் கயிறு பிடிக்க ஆளில்லாமல் ஒலிபெருக்கியில் பதிவு மணி ஒலிக்கிறது. அதனால், கயிறு பிடிக்கத் தெரிந்த கோயில் குட்டியார் இருக்கும்போதே பிள்ளைகளை அழைத்துப் போங்கள். முந்தின நாளே குருவானவரிடம் அனுமதி கேளுங்கள். ஞாயிறு காலை, ஆராதனைக்கு அரை மணி முன்னதாகவே போய் நின்றால், முதல் மணியைக் குட்டியார் தம் கையோடு சேர்த்துப் பிள்ளை கையையும் வைத்து இழுக்கவிடுவார். எத்தனை அடி என்பதை அவரே சொல்வார்.