அரண்மனையும் குடும்பமும்: துன்பியல் நாடகத்தைப் பயிலும் முறை

எஸ்.பி.எம். தமிழ் இலக்கியத் தேர்வில் கவிதை, நாவல் ஆகியவற்றோடு நாடகமும் இடம்பெறுகிறது. ஆயினும், கதைச்சுருக்கத்தையும் பாத்திரப் பண்புகளையும் மனனம் செய்வதோடு மாணவர் பலர் நிறைவடைகின்றனர். துன்பியல் நாடகத்திற்கு அது போதாது. அங்கே, ‘என்ன நிகழ்ந்தது?’ என்பதினும் ‘எவ்விடத்தில் வேறு வழி இருந்தது?’ என்னும் வினாவே தலையாயது.

1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார், ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தை ‘அமலாதித்யன்’ எனத் தமிழ் மேடைக்குத் தந்தார். மூலக்கதை யாவரும் அறிந்ததே. அண்ணனைக் கொன்று அரியணையேறிய தம்பி, அண்ணன் மனைவியையும் மணக்கிறான். உண்மையறிந்த இளவரசன் பழிவாங்கத் தயங்குகிறான். தயங்கியவனே ஒருகணம் ஆத்திரமுற்றுத் திரைமறைவில் நின்ற அமைச்சரைக் குத்திக் கொல்கிறான். முடிவில் அரச குடும்பமே அழிய, அயல்நாட்டு இளவரசன் அரியணைக்கு உரியவனாகிறான்.

இக்கதை நமக்கு அந்நியமன்று. மலாக்காவின் கடைசி சுல்தானான மஹ்மூட் ஷா, 1510இல் தம் பெண்டஹாரா துன் முத்தாஹிரையும் அவர்தம் குடும்பத்து ஆடவரையும் கொல்லச் செய்தார். பெண்டஹாராவின் மகள் துன் பாத்திமாவைத் தமக்குக் காட்டாது வேறொருவருக்கு மணமுடித்ததால் சுல்தான் மனத்தாங்கல் கொண்டிருந்தார் என்கிறது ‘செஜாரா மெலாயு’. துரோகக் குற்றச்சாட்டு எழுந்தபோது அவர் விசாரணையின்றித் தண்டித்தார். அது பொய்யென்பது பின்னரே தெளிவாயிற்று. மறு ஆண்டே மலாக்கா போர்த்துகீசியர் வசமாயிற்று.

இளவரசனைத் தயக்கம் கெடுத்தது; சுல்தானை அவசரம் கெடுத்தது. இரண்டிலும் வேர் ஒன்றே. குடும்பத்துப் புண்பட்ட மனம் அரசாணையாக மாறும்போது, அதைத் தடுத்துக் கேட்கும் குரல் அவையில் இல்லை.

எனினும், இவ்வொப்பீட்டுக்கு எல்லை உண்டு. பீரங்கிகளுடன் வந்த அல்புகர்க்கின் கடற்படையையும் நறுமணப் பொருள் வணிகப் போட்டியையும் மறந்து, ஓர் அரண்மனைப் பிழையால் மட்டுமே மலாக்கா வீழ்ந்தது எனல் வரலாறாகாது. காரணங்களை ஒரு மனிதனின் நெஞ்சுக்குள் குவித்துக் காட்டுவது நாடகம். அவற்றை விரித்து ஆராய்வது வரலாறு. இவ்வேறுபாட்டை உணர்வதும் இலக்கியக் கல்வியே.

ஆகவே, அலோர் காஜாவிலோ ஜாசினிலோ நாடகம் கற்பிக்கும் ஆசிரியர் மாணவரிடம் மூன்று வினாக்களை எழுப்பலாம். முடிவெடுத்தவர் எதை அறிந்திருந்தார்? எதை அறிய மறுத்தார்? அவரைத் தடுத்திருக்கக்கூடியவர் ஏன் வாய்மூடி நின்றார்? மூன்றாம் வினாவுக்கு விடை தேடும் மாணவர், அரசரை மட்டுமன்றி அவையோரையும் எடைபோடக் கற்கிறார். குடிமக்களாகிய நமக்கு அவ்விடமே உரியது.