மின்விசிறியில் பெயர், சஸ்பென்ஸில் பணம்

நடிகர் வீட்டு அடுப்படியையும் ஷூட்டிங் தளத்தின் பின்பக்கத்தையும் எத்தனை தடவைதான் எட்டிப் பார்ப்பது? இந்தச் செப்டம்பரில் நான் எட்டிப் பார்த்தது கோவையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தின் உள்ளறையை. மலையடிவாரத்தில் பள்ளி, மில் தொழிலாளர் குடியிருப்பில் மாலை டியூஷன், கிராமத்தில் நூலகம் என்று நடத்தும் குட்டி அறக்கட்டளைகளின் கணக்குகள் மஞ்சள் பையிலும் அட்டைப்பெட்டியிலும் வந்து இறங்கும் இடம் அது. செப்டம்பர் 30 தணிக்கை அறிக்கைக்குக் கெடு. நம்புங்கள், அந்த அறையில் பொழுது போனதே தெரியவில்லை!

முதலில் என்னைச் சொக்க வைத்தது சஸ்பென்ஸ் அக்கவுன்ட். யார் போட்டது என்று தெரியாத பணமெல்லாம் டேலி என்கிற கணக்கு மென்பொருளில் அந்தத் தலைப்பின் கீழ்தான் காத்துக் கிடக்கும். திரையில் ஒரு வரி: யுபிஐ வரவு, ரூ.1,001, குறிப்பில் ‘பசங்களுக்கு’. ஊர், பேர், போன் நம்பர் எதுவும் கிடையாது. அந்த ஒற்றை ரூபாயை வைத்து, மொய் எழுதிப் பழகிய கை என்று மட்டும் சொல்லலாம்.

“பேர் தெரியாட்டி ரசீது போட முடியாதுங்க. ரசீது இல்லாட்டி 10பிடி-ல ஏத்த முடியாதுங்க” என்றார் கணக்கு எழுதும் அக்கா. நன்கொடை கொடுத்த ஒவ்வொருவர் பெயரையும் பான் எண்ணோடும் தொகையோடும் வருமான வரித் தளத்தில் ஏற்றும் படிவம்தான் 10பிடி. மே 31-க்குள் ஏற்றியாக வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 200 ரூபாய் தண்டம். ஏற்றினால்தான் கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் கிடைக்கும். அது இருந்தால்தான் 80ஜி பிரிவில் வரிச் சலுகை. ஆக, அந்த 1,001 ரூபாய்ப் புண்ணியவானுக்கு ஒன்றும் கிடையாது.

பெயர் சொல்ல விரும்பாதவர்களின் பணம் நிறையச் சேர்ந்தால் இன்னும் வேடிக்கை. மொத்த நன்கொடையில் 5 சதவீதம், அல்லது ஒரு லட்சம் ரூபாய், இதில் எது அதிகமோ அதைத் தாண்டிய அநாமதேயப் பணத்துக்கு 30 சதவீத வரி! முழுக்க மதம் சார்ந்த அறக்கட்டளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. கோயில் உண்டியலில் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். பள்ளிக்கூட உண்டியல் என்றால் பெயர் கேட்பார்கள்.

பெயர் போட ஆசைப்படுகிறவர்கள் எதிர்க்கரை. வகுப்பறை மின்விசிறி இறக்கையில் சிவப்புப் பெயின்ட்டில் ‘உபயம்’ என்று எழுதி வாங்கியவரை எனக்குத் தெரியும். விசிறி ஓடுகிறவரை பெயரைப் படிக்க முடியாது. கரண்ட் போனால் அவர் புகழ் தெரியும்.

இதற்கிடையில் திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி முதலாளி போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள், எனக்கு யோகம்.

“ஏனுங் அம்மணி, ரெண்டு பண்டல் டீ-சர்ட் அனுப்பி வெச்சனே, 80ஜி சீட்டு இன்னும் வரலீங்களே?”

“துணிமணிக்கு 80ஜி வராதுங்ண்ணா. பணமாக் குடுத்தாத்தானுங்க.”

“செரி, அதையே நான் வித்துப் பணமாக் குடுத்தா?”

“அது வருமுங்க. ஆனா ரொக்கமா வேண்டாமுங்க. ரெண்டாயிரத்துக்கு மேல ரொக்கம்னா சலுகை இல்லீங்க. செக்கு, ஜிபே, எதுலயாச்சும் போட்டுருங்க.”

“அட, தர்மம் பண்ணக்கூட இத்தன சட்டமா!”

கோவைக்குத் தர்மம் புதிதல்ல. பீளமேட்டில் 1926-ல் பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்களும் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கை அறத்துக்கு எழுதி வைத்தார்கள். அதுதான் பி.எஸ்.ஜி. அண்டு சன்ஸ் சாரிட்டீஸ். தி.சு.அவினாசிலிங்கம் 1930-ல் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயமும் கையளவில் ஆரம்பித்து, பெரியநாயக்கன்பாளையத்தில் ஆலமரமாக நிற்கிறது. இப்போது இவை பெரிய வீட்டுக் கணக்குகள். எனக்குப் பிடித்தவை இன்னும் கையளவிலேயே இருப்பவை.

அந்தக் கையளவுக்காரர்களின் மார்ச் மாதத்தைக் கேளுங்கள். ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டுக்குள் நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும் என்பது விதி. பிப்ரவரி வரை சாக்பீஸுக்குக் கணக்குப் பார்த்த நிர்வாகி, மார்ச் கடைசி வாரத்தில் பெஞ்சும் பீரோவும் வாங்க ஓடுவார். மார்ச் 31 சாயங்காலம் ஒரு மில்காரர் மனமுவந்து ஐந்து லட்சம் அனுப்பிவிட்டால் சந்தோஷமும் நடுக்கமும் ஒன்றாக வரும். (பயப்பட வேண்டாம், அடுத்த ஆண்டு செலவழிக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க 9ஏ என்றொரு படிவம் உண்டு.)

தொடாமல் வட்டியை மட்டும் எடுக்கும் முதலுக்குக் கார்பஸ் என்று பெயர். “பைனான்ஸ்ல போட்டா வட்டி கூட வருமேங்க” என்று அறங்காவலர் குழுவில் ஒருவராவது கேட்காவிட்டால் அது கொங்கு நாட்டுக் கூட்டமே அல்ல. கூடாது. வங்கி வைப்புபோலச் சட்டம் சொன்ன இடங்களில்தான் போட வேண்டும். சீட்டும் தனியார் பைனான்ஸும் அந்தப் பட்டியலில் இல்லை.

சரி, இவ்வளவு கணக்கும் யார் கண்ணுக்கு? எனக்கு ஆச்சரியமே இங்கேதான். ஐந்து கோடிக்குள் வருமானம் உள்ள அறக்கட்டளையின் தணிக்கை அறிக்கை பெரும்பாலும் 10பிபி. அது வரித் துறைக்குப் போகும், நமக்கு வராது. சங்கமாகப் பதிந்திருந்தால் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்குக் கொடுக்க வேண்டும். லாப நோக்கில்லாத ‘பிரிவு 8’ கம்பெனி என்றால் 100 ரூபாய் கட்டி யாரும் இணையத்தில் பார்க்கலாம். சாதாரண டிரஸ்ட் பத்திரம் என்றால்? மகாராஷ்டிரத்தில் 1950-லிருந்து அறக்கட்டளை ஆணையர் இருக்கிறார். இங்கே அப்படி ஒருவர் இல்லை. நம் கைக்கு வருவது வழுவழு காகிதத்தில் ஆண்டு மலர்: சிரிக்கும் குழந்தைகள், பாய் அளவு காசோலையோடு குரூப் போட்டோ. அந்தக் காசோலைப் படம் எனக்கு அறவே ஆகாது. நான் தேடுவது ஆசிரியர் சம்பளம் என்கிற ஒரே ஒரு வரியை.

அதற்குள் அறையில் பரபரப்பு. 10பிபி ஏற்றியாயிற்று, நிர்வாக அறங்காவலர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும், ஓடிபி அவர் போனுக்குப் போயிருக்கிறது. அவரோ பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பில். சிக்னல் இல்லை. தோப்புக் காவலாளிக்குப் போன் போட்டு, அவர் ஓடிப்போய்ப் பெரியவரை மேட்டுக்குக் கூட்டி வந்து, ஆறு எண்களும் வந்து சேர்வதற்குள் எண் காலாவதி. மறுபடியும் முதலிலிருந்து!

காத்திருந்த நேரத்தில் அக்காவிடம் அமெரிக்கக் கதையைச் சொன்னேன். அங்கே இதுபோன்ற அமைப்புகள் தாக்கல் செய்யும் 990 படிவத்தை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், நிர்வாகிகளின் சம்பளம் உட்பட. ஆண்டு வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் என்றால் சில விவரங்களோடு ஒரு மின்-அஞ்சலட்டை போதும்.

“நல்ல ரோசனைதானுங்க. நம்மளும் வரவு செலவ ஒரு பக்கம் அடிச்சுப் பள்ளிக்கூட போர்டுல ஒட்டீரலாம்.”

“டீ செலவு எதுக்கு இவ்ளோன்னு கேப்பாங்களே அக்கா?”

“கேக்கட்டுமுங்க. பால் வெல ஏறுனது அவிங்களுக்குந் தெரியுமுல்லங்க” என்றபடி அடுத்த ஓடிபிக்குப் பட்டனை அழுத்தினார்.