மங்கிய வானில் விமானி ஏன் தடுமாறுகிறார்?

1999 ஜூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிய சிறு விமானம் அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்டு தீவருகே கடலில் விழுந்தது. மூவர் இறந்தனர். இயந்திரக் கோளாறு எதுவும் தென்படவில்லை. மங்கிய இருட்டில் தொடுவானம்தான் தெரியவில்லை.

தொடுவானம் தெரியாதபோது உடல் உட்காதையே நம்பும். அதன் அரைவட்டக் குழாய்களில் திரவம் உண்டு. விமானம் திரும்பத் தொடங்கும்போது அது பின்தங்கி உணர்மயிர்களை வளைக்கும், திருப்பம் புரியும். ஒரே சீராகச் சுமார் 20 வினாடி திரும்பினால் திரவமும் குழாயின் வேகத்தை எட்டிவிடும். நேராகப் போவதாகவே தோன்றும்! சாய்ந்த விமானம் இறங்கும். விமானி அதன் மூக்கைத் தூக்குவார். சாய்வு நீங்காததால் சுழல் இன்னும் இறுகும்.

சாய்வைக் காட்டும் கருவியை நம்பு என்பது எளிது. உடம்பே எதிர்சாட்சி சொல்லும்போது பயிற்சியின்றி முடியாது. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகம் அத்தகைய பயிற்சி இல்லாத 20 பேரைச் சோதித்தது. அத்தனை பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள், சராசரியாக 178 வினாடியில்.