ஐவன் மேஜர்

ஐவன் மேஜர் (அக்டோபர் 4, 1939 – ஏப்ரல் 16, 2018) நியூசிலாந்து நாட்டைச் சேர்ந்த ஸ்பீடுவே மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் ஆவார். தனிநபர் உலகப் பட்டத்தை ஆறு முறை வென்றவர். மேஜர் என்பது இராணுவப் பதவியன்று. அவருடைய குடும்பப் பெயர். முதல் முயற்சியில் இங்கிலாந்தில் இடம் கிடைக்காமல் ஊர் திரும்பிய இவர், பின்னர் இவ்விளையாட்டின் தலைசிறந்த வீரர்களுள் ஒருவராகப் போற்றப்பட்டார்.

விளையாட்டின் தன்மை

ஸ்பீடுவே என்பது நீள்வட்ட வடிவ மண் தடத்தில் நடக்கும் பந்தயம். 500 சிசி திறன் கொண்ட வண்டிகள் மெத்தனாலில் ஓடுகின்றன. அவற்றுக்கு ஒரே ஒரு கியர்தான் உண்டு; பிரேக் கிடையாது. வளைவுகளில் பின்சக்கரத்தைச் சறுக்கவிட்டு, இரும்புத் தகடு பூட்டிய இடது காலைத் தரையில் ஊன்றியபடி வீரர் வண்டியைத் திருப்புவார். ஓர் ஓட்டத்தில் நால்வர் நான்கு சுற்றுகள் வருவர். முதல் மூவருக்கு முறையே 3, 2, 1 புள்ளிகள். கடைசியாக வருபவருக்குப் புள்ளி இல்லை.

மேஜர் பங்கேற்ற காலத்தில் உலக இறுதிப் போட்டி ஒரே நாளில் முடிந்துவிடும். அதில் 16 வீரர்கள் தலா ஐந்து ஓட்டங்களில் கலந்துகொள்வர். எனவே அதிகபட்சமாக 15 புள்ளிகள் பெறலாம். ஓர் ஓட்டத்தில் விழுந்தாலோ, இயந்திரம் பழுதானாலோ ஓராண்டு உழைப்பும் வீணாகலாம்.

இளமையும் முதல் தோல்வியும்

மேஜர் கிறைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தார். அதே நகரில் வளர்ந்த ரோனி மூர், அங்கேயே பிறந்த பேரி பிரிக்ஸ் ஆகிய இருவரும் உலகப் பட்டம் வென்றவர்கள். அவர்கள் வழியில் 1957இல், பதினேழு வயதில், மேஜர் இங்கிலாந்து சென்று விம்பிள்டன் அணியில் சேர்ந்தார். ஆனால் அங்கு நிலையான இடம் கிடைக்கவில்லை. தாயகம் திரும்பி, நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பல ஆண்டுகள் பயிற்சி பெற்றார்.

1963இல் மீண்டும் இங்கிலாந்து சென்று நியூகாசில் அணியில் இணைந்தார். அது முதல்நிலைக்கு அடுத்த நிலையில் இருந்த மாகாண லீக் அணி. அந்த லீக்கின் தனிநபர் பட்டத்தை 1963, 1964 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்றார்.

உலகப் பட்டங்கள்

உலக இறுதிப் போட்டியில் 1966இல் நான்காம் இடமும், 1967இல் மூன்றாம் இடமும் பெற்றார். 1968இல் சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஐந்து ஓட்டங்களிலும் வென்று, 15 புள்ளிகளுடன் முதன்முறையாக உலக வீரரானார். 1969இல் லண்டன் வெம்பிளியிலும், 1970இல் போலந்தின் வ்ரோட்ஸ்வாஃப் நகரிலும் பட்டத்தைத் தக்கவைத்தார். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் இப்பட்டத்தை வென்ற முதல் வீரர் இவரே.

மூன்றாவது முறையும் வென்றால் வண்டிக்குத் தங்க முலாம் பூசித் தருவதாக இரு அமெரிக்க ரசிகர்கள் வாக்களித்திருந்தனர். அவ்வாறே செய்தும் கொடுத்தனர். அந்த வண்டி பின்னாளில் கிறைஸ்ட்சர்ச்சில் உள்ள கேன்டர்பரி அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

1972இல் மேஜரும் சுவீடன் வீரர் பெர்ன்ட் பெர்சனும் சமப் புள்ளிகள் பெற்றனர். முடிவு காண நடத்தப்பட்ட தனி ஓட்டத்தில் மேஜர் வென்று நான்காவது பட்டம் பெற்றார். மறு ஆண்டு போலந்தின் ஹோஜுஃப் நகரில் அதே நிலை ஏற்பட்டது. இம்முறை எதிரே நின்றவர் உள்நாட்டு வீரர் யெஜி ஷ்சக்கியெல். அவரை முந்த முயன்றபோது மேஜர் கீழே விழுந்தார். பட்டம் ஷ்சக்கியெலுக்குச் சென்றது. அதுவே போலந்து வீரர் ஒருவர் வென்ற முதல் தனிநபர் உலகப் பட்டம்.

1977இல் ஐந்தாவது பட்டம் வென்று, சுவீடனின் ஓவே ஃபுண்டின் வைத்திருந்த சாதனையைச் சமன் செய்தார். தாம் விழுந்து தோற்ற அதே ஹோஜுஃப் தடத்தில், 1979இல், 39ஆம் வயதில் ஆறாவது பட்டம் வென்று அச்சாதனையை முறியடித்தார்.

பிற வெற்றிகள்

நீளமான தடங்களில் நடைபெறும் லாங் டிராக் பந்தயத்திலும் 1971, 1972, 1976 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் வென்றார். 1970இல் ரோனி மூருடன் சேர்ந்து இணையர் உலகப் பட்டம் பெற்றார். 1979இல் உலக அணிக் கோப்பையை வென்ற நியூசிலாந்து அணியிலும் இடம்பெற்றிருந்தார். இங்கிலாந்து லீக்கில் பெல் வியூ அணி 1970 முதல் 1972 வரை தொடர்ந்து மூன்று முறை வாகை சூடியபோது அதன் முன்னணி வீரராக விளங்கினார்.

சிறப்பியல்புகள்

புறப்படும் கணத்தில் கிளட்சை விடுவிக்கும் துல்லியமே மேஜரின் பெரும் பலம். முதல் வளைவை முதலில் அடைபவர் பின்வருவோர் மீது மண்ணை வாரி இறைப்பார். தம் முன்னே தடம் தெளிவாக இருக்கும். நான்கே சுற்றுகள் கொண்ட ஓட்டத்தில் இது பாதி வெற்றிக்குச் சமம். வண்டியைப் பராமரிப்பதிலும் பயணத்தைத் திட்டமிடுவதிலும் அவர் காட்டிய ஒழுங்கு, பின்வந்த வீரர்களுக்கு முன்மாதிரியானது.

இறுதிக் காலம்

பிரித்தானிய அரசின் எம்பிஇ விருதை 1976இலும், ஓபிஇ விருதை 1989இலும் பெற்றார். இறுதி ஆண்டுகளில் மறதி நோயால் பாதிக்கப்பட்டு, ஆஸ்திரேலியாவின் கோல்டு கோஸ்ட் பகுதியில் 78ஆம் வயதில் காலமானார். அவருடைய ஆறு பட்டங்கள் என்ற சாதனையை 2005இல் சுவீடனின் டோனி ரிக்கார்ட்சன் சமன் செய்தார்.